கானாவில் ஒரு களி உருண்டை

போன வருஷம், மைசூர்ல டிகிரி ரெண்டாம் வருஷம் படிச்சப்போ நடந்தது. என்.சி.சி.ங்கிற தேசிய மாணவர் படையில நான் கேடட். ரெண்டு நாட்டு கேடட்டுகளும் மாறி மாறிப் போய்வர்ற பரிமாற்றப் பயணத்துக்குத் தேர்வாகி, மேற்கு ஆப்பிரிக்காவுல இருக்கிற கானாவுக்குப் போனேன். அப்பா கட்டட மேஸ்திரி. தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கிற ஹனூர்ல இருந்து மைசூருக்குப் பொழைக்க வந்த குடும்பம் எங்களது. ஏர்போர்ட்டையே அன்னைக்குத்தான் பார்க்கறேன். ஆனா பயமெல்லாம் இல்லை. பரேடுல நான் குரல் கொடுத்தா மைதானத்தோட அந்தக் கோடி வரைக்கும் கேக்கும். அந்தத் தெம்பு போதும்னு கிளம்பிட்டேன்.

அங்க எனக்கு ஜோடியா போட்டது அந்த ஊர் கேடட் பொண்ணு ஒருத்தியை. வாயாடி. எனக்குச் சரியான தோழி. ஒரு ஞாயித்துக்கிழமை எங்க குழுவுல கொஞ்சம் பேரைத் தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டா. இந்தியாவுல இருந்து விருந்தாளிங்க வர்றாங்கன்னு அவ அம்மா தெருவுக்கே சொல்லி வெச்சிருந்தாங்க. வாசல்ல அக்கம்பக்கத்து ஜனம் வந்து நிக்குது. ஆன்ட்டி காலையில இருந்தே மரவள்ளிக் கிழங்கையும் வாழைக்காயையும் வேகவெச்சு, உரல்ல இடிச்சு, உருண்டை புடிச்சு, நிலக்கடலை அரைச்சு ஊத்தின கோழிக் குழம்புல போட்டு வெச்சிருந்தாங்க. அதுக்குப் பேரு ஃபுஃபு.

எங்காளு ஒருத்தன் ஒரு வாய் எடுத்து மென்னான், மென்னான், மென்னுக்கிட்டே இருந்தான். பல்லுல பசை மாதிரி ஒட்டிக்கிச்சு. "வயிறு கெட்டா நாளைக்கு பரேடு போச்சுடா"ன்னு இன்னொருத்தன் ஹிந்தியில முணுமுணுத்தான். அப்புறம் பண்ணினாங்க பாருங்க ஒரு வேலை! பையைத் திறந்து, வீட்ல கட்டிக் கொடுத்த ஊறுகாய், மிக்சர், பிஸ்கட்டை எல்லாம் மேஜையில பரப்பிட்டாங்க. நம்மாளுங்க எந்தத் தேசத்துக்குப் போனாலும் இது ஒண்ணு!

ஆன்ட்டி முகம் சுருங்கிப்போச்சு. வாசல்ல நின்னவங்க ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க. தோழி தலையைக் குனிஞ்சுக்கிட்டா. இத்தனை பேர் முன்னால அவ அம்மாவை அவமானப்படுத்திட்டோமே!

என் கிண்ணத்தை உத்துப் பார்த்தேன். அட, இது நம்ம களி! மைசூர்ல முத்தேன்னு சொல்ற ராகிக் களி. எங்க வீட்ல முக்கால்வாசி நாள் அதுதான். களியை யாராவது மெல்லுவாங்களா?

கையைக் கழுவினேன். கிள்ளினேன், குழம்புல முக்கினேன், மெல்லாம அப்படியே முழுங்கினேன். வழுக்கிக்கிட்டு இறங்குச்சு. ஆன்ட்டி வாயில கை வெச்சுட்டாங்க. யார் சொல்லிக் கொடுத்ததுன்னு கேட்டாங்க.

"எங்க வீட்லயும் இப்படித்தான் ஆன்ட்டி"ன்னேன். உடனே நம்ம படை பக்கம் திரும்பி, பரேடுக் குரல்லயே ஆர்டர் போட்டேன்: "கிள்ளு! முக்கு! முழுங்கு!" பாவம், ஆர்டர்னு வந்துட்டா கேடட் என்ன பண்ணுவான்? ரெண்டு மூணு வாய்க்குள்ள எல்லாருக்கும் பிடிபட்டுடுச்சு. ஊறுகாய் பாட்டில் பைக்குள்ள போயிடுச்சு. வாசல்ல ஒரே கைதட்டல். ஆன்ட்டி எனக்கு இன்னொரு உருண்டையைப் போட்டுட்டு, அப்பத்தான் தனக்கு ஒரு கிண்ணம் எடுத்துக்கிட்டு உக்காந்தாங்க.

சில மாசம் கழிச்சு அவங்க குழு இந்தியா வந்துச்சு. தோழி மைசூர்ல எங்க வீட்டுக்கே வந்துட்டா. எங்கம்மா, விருந்தாளி வந்தா களிச் சட்டியை மறைச்சு வெக்கிற ஆளு. "ஐயோ, வெளிநாட்டுப் புள்ளைக்குக் களியா போடறது? மானம் போயிரும் கண்ணு, பிரியாணி வாங்கிட்டு வா"ன்னு ஒரே புலம்பல்.

"நீ சும்மா கிண்டும்மா"ன்னேன்.

கிண்டி, உருட்டி, தட்டுல வெச்சுட்டு, சமையல்கட்டு வாசல்ல முந்தானையைத் திருகிக்கிட்டு நின்னுச்சு அம்மா. தோழி கையைக் கழுவினா. கிள்ளினா, அவரைக்கொட்டைக் குழம்புல முக்கினா, மெல்லாம முழுங்கினா. "ஆன்ட்டி, இன்னொண்ணு"ன்னு தட்டை நீட்டினா. அம்மா கண்ணைத் துடைச்சுக்கிட்டு அடுத்த உருண்டையைப் போட்டுச்சு.

இப்ப யார் வந்தாலும் எங்க வீட்ல களிச் சட்டி நடுவுலதான் இருக்கு. அதைப் பார்க்கறப்பெல்லாம், கடல் தாண்டி அத்தனை தூரம் நான் பறந்து போனதே எங்கம்மா தலை நிமிரத்தான்னு எனக்குத் தோணும்.