சனிக்கிழமை செல்வநாதனின் முறை

இலங்கையில் கஹவத்தைக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள் நேசமலர். றப்பர் மரக்கிளை முறிந்து விழுந்ததில் அவள் கணவன் மருதைக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போனது. நான்கு வருடங்களாகக் குளிப்பாட்டுவதும் புரட்டிப் படுக்கவைப்பதும் அவள்தான். ஒரு காலையில் அவன் கஞ்சியைத் துப்பியபோது அவள் அடிக்கக் கையை ஓங்கிவிட்டாள். அடிக்கவில்லை, ஆனால் அடித்திருப்பேனே என்று பயந்துபோனாள்.

அன்றே கணவனின் தம்பி செல்வநாதன் குடியிருந்த லயக் காம்பராவுக்கு, தொழிலாளர் வரிசை வீடுகளில் ஓர் அறைக்கு, போனாள்.

"தம்பி, இனிமே சனிக்கிழமை ஒங்க அண்ணன நீங்கதான் பாக்கணும்."

"எனக்கு அதெல்லாம் தெரியாதே அண்ணி."

"ரெண்டு வாரம் கூட நின்னு சொல்லித் தர்றேன். எனக்கும் தெரியாமத்தான் இருந்துச்சு."

அவன் சம்மதித்தான். வீட்டுக்கு வந்து அவள் சொன்னபோது மருதைதான் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "நான் ஒனக்குப் பாரமா போயிட்டேனா?"

"ஒத்த ஆளா தூக்குறப்ப பாரமாத்தாங்க இருக்கு. நான் விழுந்துட்டா ஒங்கள யாரு தூக்குவா?"

மூன்றாவது சனிக்கிழமை பஸ் ஏறி அக்கா வீட்டுக்குப் போனவள், பகல் முழுக்கத் தூங்கினாள். மாலையில் திரும்பியபோது மருதையின் சவரம் கோணல்மாணலாக இருந்தது, படுக்கை நனைந்திருந்தது. செல்வநாதன் தலைகுனிந்து நின்றான்.

"பரவாயில்ல தம்பி, அடுத்த சனிக்கிழமையும் வாங்க" என்றவள், விரிப்பை மாற்ற அவனையே ஒரு பக்கம் பிடிக்கச் சொன்னாள்.