கை செய்வதை வாய் சொன்ன காலம்

மாசி மாதத்தில் புளி உலுக்க மரம் ஏறிய என் கணவர், கிளை முறிந்து கீழே விழுந்தார். போர்வையில் தூளி கட்டி மலைப்பாதையில் சுமந்து இறக்கினார்கள். பஸ் வரும் சாலையை எட்டுவதற்குள் மூச்சு நின்றுவிட்டது. எங்கள் மகளுக்கு அப்போது ஒன்றரை வயது.

காரியம் முடிந்ததும் வந்தவர்கள் அவரவர் ஊருக்குப் போனார்கள். காவலூருக்குக் கொஞ்சம் தள்ளி, சில வீடுகள் மட்டுமே இருந்த எங்கள் ஊரில் நானும் மகளும் இருந்தோம். நான் அழவில்லை. விடிந்ததும் எழுந்தேன், தண்ணீர் எடுத்து வந்தேன், சாமை குத்தினேன், அவளுக்கு ஊட்டினேன், துடைத்துவிட்டேன், தூங்க வைத்தேன். ஒன்றிலும் குறை வைக்கவில்லை. பேச்சுதான் இல்லை. பேச வேண்டும் என்று தோன்றவே இல்லை.

அவளோடு ஓயாமல் பேசியவர் அவர்தான். நிலத்திலிருந்து வந்ததும் தோளில் ஏற்றிக்கொண்டு காக்கா, ஆடு, மேகம் என்று காட்டிக்கொண்டே நடப்பார். அவளும் நாலைந்து சொல் சொல்வாள். அவர் போன பிறகு அது நின்றது. நின்றதை நான் கவனிக்கவில்லை.

கவனித்தது அவருடைய அக்கா. பக்கத்து ஊரில் வாழ்க்கைப்பட்டவர், ஆடியில் விதைப்புக்கு ஒத்தாசையாக வந்திருந்தார்.

"இன்னாடி இது, கொழந்த வாயே தொறக்க மாட்டேங்குது? வந்ததுலேர்ந்து பாக்கறேன், வேணும்னா கைய நீட்டுது, அவ்ளோதான்."

"தெரியலீங்க அண்ணி."

"நீ அதுங்கிட்ட பேசறியா?"

"இன்னா பேசறதுங்க?" என்றேன். உண்மையாகவே எனக்குத் தெரியவில்லை.

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. தம்பியைப் பறிகொடுத்தவர் அவரும்தானே. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அடுப்போரம் உட்கார்ந்தார்.

"கொஞ்சச் சொல்லல. சிரிக்கச் சொல்லல. அது இப்ப உன்னால ஆவாது, எனக்கே ஆவல. உன் கை இன்னா செய்யுதோ, அத வாயால சொல்லு. தண்ணி ஊத்தறேன், அடுப்பு பத்த வைக்கறேன், மூஞ்சி தொடைக்கறேன். உன் வாயப் பாக்கற மாதிரி எதிர்ல ஒக்கார வச்சிக்கினு சொல்லு. பதில் வரலன்னு வுட்றாத."

மறுநாள் அவர் போய்விட்டார். நான் சொல்லத் தொடங்கினேன். "அரிசி களையறேன்." "கல்லு பொறுக்கறேன்." "சட்ட போடறேன்." என் குரல் எனக்கே யாரோ பேசுவதுபோல் கேட்டது. ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. அவள் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் பார்ப்பதில் எனக்குச் சந்தோஷமும் இல்லை, சலிப்பும் இல்லை. சொல்லச் சொன்னார், சொன்னேன்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு காலை, உலையில் தண்ணீர் ஊற்றும்போது சொல்ல மறந்துவிட்டேன். பின்னாலிருந்து, "ஊத்தறேன்" என்று கேட்டது. அவள்தான். நான் ஊற்ற, அவள் "ஊத்தறேன்" என்கிறாள். என் குரலைப் போலவே, தட்டையாக.

"ஆமா. ஊத்தறேன்" என்றேன். பானையை மூடினேன்.

அடுத்த வாரம் வந்த அண்ணி அதைக் கேட்டுவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நான் அவர் அழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழத் தெரிந்தவர்களை அப்போதெல்லாம் அப்படித்தான் பார்ப்பேன், தூரத்தில் போகிற பஸ்ஸைப் பார்ப்பதுபோல.

பிறகு சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன. எல்லாம் என் கைவேலைகள்தான். கோழி மேய்ந்தாலும் "பொறுக்கறேன்" என்பாள். அடுத்த வீட்டுக்காரர்கள் சிரிப்பார்கள்.

மார்கழியில் எங்கள் மலையில் வெயில் ஏறும்வரை குளிர் விடாது. ஒரு காலை வாசல் பெருக்கிக்கொண்டிருந்தேன். வெறும் பாவாடையோடு கதவருகே வந்து நின்றவள் சொன்னாள்:

"குளுருது."

நிமிர்ந்து பார்த்தேன். அந்தச் சொல்லை நான் அவளுக்குச் சொன்னதே இல்லை. கை செய்வதை மட்டும்தான் சொல்லியிருந்தேன். யாரிடம் கேட்டாளோ, தெரியாது. தோள் இரண்டையும் குறுக்கிக்கொண்டு, "அம்மா, குளுருது" என்றாள்.

துடைப்பத்தைப் போட்டுவிட்டு அவளைத் தூக்கினேன். என் விரல்கள் விறைத்திருந்தன. அவள் முதுகில் பட்டதும் அவள் வீலென்று கத்தினாள். கையை என் அக்குளில் வைத்துச் சூடாக்கிக்கொண்டு, கம்பளியை எடுத்து இருவருக்குமாகப் போர்த்தினேன்.

"எனக்கும் குளுருது" என்று அவளிடம் சொன்னேன்.