டி வரிசையில் கிடைக்காத அயர்லாந்துக்காரர்

போன பிப்ரவரியில் நடந்தது இது. டெல்லி மயூர் விஹாரில் எங்கள் மாடி வீட்டுப் பஞ்சாபி அம்மாள், ஓர் அறையை வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விடுவார். அந்த வாரம் வந்து இறங்கியவர் ஓர் அயர்லாந்துக்காரர், ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். அறுபத்தைந்து வயதிருக்கும். தாஜ்மகால் பக்கம்கூடத் தலைவைத்துப் படுக்காமல், தினமும் ஒரு பழுப்புக் கவரை இடுக்கிக்கொண்டு எங்கோ போய்ச் சோர்ந்த முகத்தோடு திரும்புவார். அடுத்தவர் விஷயம் என்றால் எனக்கு மூக்கில் வியர்த்துவிடும். இரண்டு நாள் பொறுத்தேன், மூன்றாம் நாள் லிஃப்டில் பிடித்துக் கேட்டே விட்டேன்.

விஷயம் இதுதான். அவருடைய தாத்தாவின் அண்ணன், நூறு வருஷத்துக்கு மேல் இருக்கும், பிழைப்புத் தேடிக் கப்பலேறி இந்தியா வந்தவர். டெல்லியில் ரயில்வே வேலை கிடைத்துவிட்டது, உனக்கும் இடம் பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று தம்பிக்கு ஒரே ஒரு கடிதம் போட்டார். அதோடு சரி. தம்பி பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தார். திருப்பித் திருப்பி எழுதியும் பதில் இல்லை. சொகுசு வந்ததும் எங்களை மறந்துவிட்டான் என்று அண்ணன் படத்தைத் தூக்கி அடுப்பில் போட்டாராம். அந்தக் கோபம் அவர் பிள்ளைகளுக்கும் தொற்றிக்கொண்டது. அவருடைய மகள், அதாவது நம் பஸ் டிரைவரின் அத்தை, தொண்ணூற்றிரண்டு வயதில் படுத்த படுக்கையாக இருக்கிறார். அப்பாவை ஏமாற்றிய அந்த ஆள் கடைசியில் என்னதான் ஆனான் என்று தெரிந்தாக வேண்டும் என்று ஒரே பிடிவாதம். அதற்காகத்தான் மருமகனை இங்கே அனுப்பியிருக்கிறார்.

நானோ முப்பத்தோரு வருஷம் மத்திய அரசு ஆபீஸில், ரெக்கார்டு ரூமிலேயே குப்பை கொட்டியவள். "வாங்க, நான் தேடித் தர்றேன்" என்று ஜம்பமாகக் கிளம்பிவிட்டேன்.

ரயில் நிலையத்துப் பக்கம் ஒரு பழைய சர்ச். கல்லறைப் பதிவேடுகள் தொட்டால் உதிரும் நிலையில் இருந்தன. அதனால் அங்கிருந்த அலுவலர் முதலில் ஒரு இண்டெக்ஸ் நோட்டைத்தான் தருவார். அதில் பெயரையும் எண்ணையும் கண்டுபிடித்துச் சொன்னால்தான் பதிவேட்டைத் திறப்பார். அண்ணன்காரரின் குடும்பப் பெயர் ஆங்கில 'டி'யில் ஆரம்பிக்கும். டி பக்கங்களில் இரண்டு தடவை விரல் வைத்துப் பார்த்தேன். இல்லை.

"இண்டெக்ஸ்ல இல்லேன்னா இல்லவே இல்லை. இத்தனை வருஷ அனுபவத்துல சொல்றேன்" என்று அடித்துச் சொன்னேன். அலுவலரும், "மேடம் டீக் போல் ரஹீ ஹை" என்று, நான் சொல்வதே சரி என்பதுபோல் ஒத்து ஊதினார்.

டெல்லியில் வேறு இரண்டு இடங்களில் அவர் ஏற்கெனவே பார்த்துவிட்டாராம். இதுதான் கடைசி. வாசலில் நின்று அத்தைக்குப் போன் போட்டு, அவர் இங்கே இறக்கவில்லை, வேறெங்கோ போய் நன்றாக வாழ்ந்திருக்கிறார் போலிருக்கிறது என்று சொன்னார். அத்தை அதற்கு, "அப்பா சொன்னது சரிதான்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாராம். மறுநாள் சாயங்காலம் அவருக்கு விமானம்.

அன்று மாலை கடைக்குச் சாமான் லிஸ்ட் எழுத உட்கார்ந்தேன். நான் எதை எழுதினாலும் மேலே பிள்ளையார் சுழி போட்டுவிட்டுத்தான் எழுதுவேன். இங்கேயே பிறந்து வளர்ந்த என் மகளுக்கு அது எப்போதும் வேடிக்கை.

"பனீர் வாங்கறதுக்குக் கூடவா சுழி? ஜல்தி சொல்லும்மா, நான் ஆப்ல போட்டுடறேன்."

பதில் சொல்ல வாயெடுத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். இந்தச் சுழியை நான் காலையில் பார்த்தேனே! அந்தச் சர்ச் நோட்டில், ஒவ்வொரு எழுத்துக்கும் தொடங்கும் பக்கத்தின் உச்சியில், பொடியாக, பென்சிலில். பிறந்ததிலிருந்து பார்த்துப் பழகியதால் கண் அதைத் தாண்டிப் போய்விட்டது. சர்ச் நோட்டில் பிள்ளையார் சுழி போட்டவன் யாராக இருக்க முடியும்? அட, நம்ம ஊர் குமாஸ்தா!

அடுத்த நிமிஷமே எனக்குப் பகீரென்றது. நம்மாள் பெயர்களை எப்படி வரிசைப்படுத்தியிருப்பார்? நமக்கு ஏது குடும்பப் பெயர்? நமக்கு அப்பா பெயர் முன்னால் வெறும் இனிஷியல், சொந்தப் பெயர்தான் பெயர். டெல்லிக்காரர்களுக்கு இது புரியாமல், பாங்கிலும் ஆஸ்பத்திரியிலும் இன்றைக்கும் என் அப்பா பெயரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள். அவர்களை நான் எத்தனை திட்டியிருப்பேன்! இந்தக் குமாஸ்தா அதைத் தலைகீழாகச் செய்திருக்கிறார். வெள்ளைக்காரனின் குடும்பப் பெயரை இனிஷியலாக்கி, சொந்தப் பெயரில் அடுக்கிவிட்டார். யோசித்துப் பார்த்தால், டி பக்கம் முழுக்க டேனியலும் டேவிட்டுமாகத்தான் இருந்தது. நான்தான் கவனிக்கவில்லை. என் வாய்க்கொழுப்பால் ஒரு கிழவிக்குத் தப்பான செய்தி போய்விட்டதே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

காலையில் காபிகூடக் குடிக்காமல் மாடிக்கு ஓடினேன். அவர் பெட்டியை மூடிக்கொண்டிருந்தார். போதும் மேடம், விட்டுவிடுங்கள் என்றார். தப்பு என்னுடையது, ஒரு தடவை மட்டும் வாருங்கள் என்று ஏறக்குறைய கெஞ்சிக் கூட்டிப்போனேன்.

"கல் ஹீ தோ தேக்கா தா, மேடம்!" நேற்றுதானே பார்த்தீர்கள் என்று அலுத்துக்கொண்டே அலுவலர் நோட்டைக் கொடுத்தார்.

அண்ணன்காரரின் சொந்தப் பெயர் 'எம்'மில் ஆரம்பிக்கும். அந்தப் பக்கத்தைப் பிரித்தேன். பாதிக்கு மேல் போயும் ஒன்றும் இல்லை. கடைசியிலிருந்து மூன்றாவது வரியில், முன்னால் 'டி' என்ற இனிஷியலோடு அவர் இருந்தார்.

எண்ணைச் சொன்னதும் பதிவேடு திறந்தது. ரயில்வே ஃபிட்டர். அயர்லாந்தில் பிறந்தவர். வயது இருபத்துநான்கு. காரணம், காய்ச்சல். பஸ் டிரைவர் பழுப்புக் கவரிலிருந்து அந்த ஒரே கடிதத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். தம்பிக்குக் கடிதம் எழுதிய பத்தொன்பதாம் நாள் அந்தப் பிள்ளை செத்துப்போயிருந்தது. ஊருக்கு ஏன் யாரும் தகவல் சொல்லவில்லை என்பது கடைசி வரை எங்களுக்குத் தெரியவில்லை.

அவர் போனை ஸ்பீக்கரில் போட்டு அத்தையிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினார். மெல்லிய குரலில், வயது என்ன, மறுபடி சொல் என்று கேட்டார் அத்தை. இருபத்துநான்கு என்றார் இவர்.

"பச்சப் பிள்ளை மேலயா நாம இத்தனை காலம் கோபமா இருந்தோம்?"

அவர் சொன்ன ஆங்கிலம் என் காதில் இப்படித்தான் விழுந்தது. முன்பின் தெரியாத அந்த மனுஷிக்காக நான் அங்கேயே அழுதுவிட்டேன். அலுவலர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். எத்தனை பேரிடம் 'நஹீ ஹை', இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறேனோ என்று அவர் பங்குக்குப் புலம்பினார். குடும்பப் பெயரில் தேடாதீர்கள், சொந்தப் பெயரில் தேடுங்கள் என்று ஒரு காகிதத்தில் எழுதி நோட்டின் அட்டையில் ஒட்டிவிட்டு வந்தோம்.

ஏப்ரலில் அயர்லாந்திலிருந்து செய்தி வந்தது. அத்தை போய்விட்டார். ஆனால் கடைசி வாரங்களில், இரவு ஜெபத்தில் குடும்பத்தில் இறந்தவர்களின் பெயர்களைச் சொல்லும்போது, அந்த வீட்டில் யாரும் வாயால்கூடச் சொல்லாத தன் பெரியப்பாவின் பெயரை முதலாவதாகச் சொன்னாராம்.

பதில் போடாதவர்கள் மேல் எனக்கு இன்றும் சுள்ளென்று கோபம் வரத்தான் செய்கிறது. ஆனால் இப்போதெல்லாம் திட்டுவதற்கு முன்னால், அவங்களுக்கு என்ன ஆச்சோ என்று ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுகிறேன்.