அத்தை ஃப்ரீதான்

அந்த வீட்டில் ஃப்ரீ என்ற சொல்லுக்கு ஓய்வே கிடையாது. சோப்பு வாங்கினால் சீப்பு ஃப்ரீ. அடைப்பை எடுத்துவிட்டால் தண்ணீர் ஃப்ரீயாகப் போகும். மாடி அறையில் துணி தைக்கும் அத்தையிடம் வருகிறவர்கள், சட்டைக் கையை இறுக்காமல் ஃப்ரீயாக விடச் சொல்வார்கள். இத்தனையும் போக, அத்தையும் ஃப்ரீ. கல்யாணம் ஆகவில்லை, வெளியே வேலைக்குப் போகவில்லை, அப்புறம் என்ன? நாள் முழுக்க மெஷினில் குனிந்து கிடப்பதை அண்ணன் வீட்டில் யாரும் வேலையாகவே நினைப்பதில்லை.

கடைவீதியில் ஒரு பெரிய தையல் கடைக்குத் துணி வெட்ட ஆள் தேவைப்பட்டது. முதலாளி முன்னால் ஒரு சட்டை வெட்டிக் காட்ட வேண்டும். அத்தை கத்தரிக்கோலைச் சாணை பிடித்து வைத்தாள். வீட்டில் மூச்சு விடவில்லை. வேலை கிடைத்த பிறகு சொல்லிக்கொள்ளலாம், இல்லாவிட்டால் கேலி செய்தே கொன்றுவிடுவார்கள் என்று நினைத்தாள். அங்கேதான் கோட்டை விட்டாள்.

காலையில் அவள் செருப்பை மாட்டும்போது அண்ணி படியேறி வந்தாள். தோளில் காய்ச்சலோடு மகள்.

"பாப்பாவைப் பாத்துக்கோ. ஆபீஸ்ல லீவு தரமாட்டேங்கறாங்க. நீ ஃப்ரீதானே?"

"இல்ல அண்ணி, நான் ஒரு இடத்துக்கு..."

"கடைக்குத்தானே? சாயங்காலம் போயிக்கலாம்."

அண்ணி போயே விட்டாள். குழந்தை அத்தையின் கழுத்தைக் கட்டிக்கொண்டது. அனலாய்க் கொதித்தது உடம்பு. இதன்மேல் யார் கோபப்படுவது?

கடைக்குப் போன் செய்தாள். "ஐயா, நாளைக்கு வரட்டுமா?"

"இன்னும் ரெண்டு பேர் வந்து உக்காந்திருக்காங்கம்மா. முடிஞ்சா இன்னிக்கே வாங்க."

மத்தியானம் மறுபடி செய்தபோது, ஆள் எடுத்தாகிவிட்டது என்றார். குழந்தையின் நெற்றியில் ஈரத்துணியை மாற்றிப் போட்டபடி அத்தை அழுதாள். வாய்விட்டு அழுதால் குழந்தை பயந்துவிடும் என்று அதையும் அடக்கிக்கொண்டாள்.

சாயங்காலம் அண்ணி வந்தாள். காய்ச்சல் இறங்கியிருந்தது.

"நல்லவேளை, நீ ஃப்ரீயா இருந்தே. இல்லேன்னா என் கதி?" என்றவள், அண்ணனின் பேண்ட் ஒன்றை நீட்டினாள். "இடுப்பு பிடிக்குதாம். கொஞ்சம் பிரிச்சு விட்டுடு."

இப்போதாவது சொல்லிவிடலாம். அத்தை வாயைத் திறந்தாள்.

"எப்ப வேணும்?" என்றுதான் வந்தது.

கத்தரிக்கோலை எடுத்தாள். தொட்டதும் தையல் விட்டுக்கொடுத்தது.

"அட, புதுசா?" என்றாள் அண்ணி.

"பழசுதான். சாணை பிடிச்சேன்."

எதற்கு என்று அண்ணி கேட்கவில்லை.