ஒன்றரைச் சுற்று

என் கையெழுத்து கோணல். எழுத்துப் பிழைகளும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் மனைவி சுவிஸில் ஓல்டன் நகருக்கு வெளியே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். காலை வேலைக்கு, முதல் பஸ் வருவதற்கு முன்பே அங்கே நிற்க வேண்டும். அதற்காகவே நாற்பது வயதுக்குப் பிறகு கார் பழகினாள். இரண்டு முறை தவறி மூன்றாம் முறை லைசென்ஸ் எடுத்தாள். அன்று பக்கத்து ஊரான திரிம்பாக்கில் உள்ள கோயிலுக்கு அவளே ஓட்டினாள். நான் பக்கத்தில் இருந்தேன்.

எங்கள் கார் பழைய ஓட்டோமற்றிக். போன வருடத்துக்கு முந்திய குளிர்காலத்தில், சிவப்பு விளக்கில் நின்றால் என்ஜின் அணைந்துபோகத் தொடங்கியது. பின்னால் நிற்பவர்கள் ஹோர்ன் அடிப்பார்கள்.

"இஞ்சேருங்கோ, கராஜிலை ஒருக்கால் காட்டுங்கோவன். எல்லாரும் என்னைத்தான் பாக்கினம்."

கராஜில் டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில், விளக்க வேண்டும். எனக்குக் கூச்சம். "சின்ன வேலை, நானே செய்யிறன்" என்றேன்.

கார் நிற்கும்போது என்ஜின் ஓடும் வேகத்தை ஐட்லிங் என்போம். அதைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகாணி உண்டு. வேகம் கூடும்படி அரைச் சுற்றுத் திருகினேன். மறுநாளும் அணைந்தது. இன்னும் ஒரு முழுச் சுற்று. பிறகு அணையவில்லை. ஏன் அணைந்தது என்று நான் தேடவில்லை.

பார்சல் கிடங்கில் என்னோடு வேலை செய்யும் மட்டக்களப்புத் தம்பி வேகமாக ஓடும் என்ஜினின் சத்தத்தைக் கேட்டுச் சிரித்தான்.

"அண்ணே, பெற்றோல் மிதிக்காமலே இது சோலோதுர்ன் போய்ச் சேந்திடும். நீங்க பின் சீற்றில படுங்க!"

நானும் சிரித்தேன். குளிரில் என்ஜின் தானாகவே வேகமாக ஓடும், அதற்கு மேல் என் ஒன்றரைச் சுற்றும் சேரும், பிரேக்கை அழுத்தி மிதிக்காவிட்டால் கார் முன்னே தள்ளும் என்று எனக்குத் தெரியும். அவளுக்குச் சொல்லவில்லை.

ஒரு உறைபனிக் காலையில், பாதசாரிகள் கடக்கும் மஞ்சள் கடவையில் ஒரு வயோதிபருக்காக அவள் காரை நிறுத்தினாள். அவர் நடுவில் வந்தபோது கார் ஒரு முழம் பாய்ந்தது. அவருக்கு அடிபடவில்லை. இரண்டு கைகளாலும் காரின் முன்மூடியான பொனற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியூடாக அவளைப் பார்த்தபடி நின்றாராம். அவள் காரை ஓரமாக விட்டுவிட்டு வேலைக்கு நடந்து போனாள். வீடு வந்ததும் சொன்னாள்:

"எங்கட இல்லத்து ஆக்கள் மாதிரியே முகம். இனி எனக்குக் கார் வேண்டாம்."

அந்தச் சனிக்கிழமை பொனற்றைத் திறந்து, என்ஜினை ஓடவிட்டு, காற்றுக் கசிவு இருக்கிறதா என்று குழாய்களின் மேல் ஸ்பிரே அடித்துப் பார்த்தேன். ஓரிடத்தில் அடித்ததும் என்ஜின் சத்தம் மாறியது. ரப்பர் குழாய் ஒன்றில் நக நீளத்துக்கு வெடிப்பு. அதனூடாகக் காற்று உள்ளே போயிருக்கிறது; அதனால்தான் என்ஜின் அணைந்திருக்கிறது. குழாயை மாற்றி, திருகாணியைப் பழைய இடத்துக்குத் திருப்பினேன். என்ஜின் அணையாமல் அமைதியாக ஓடியது.

"இப்ப நல்லா நிக்குது. ஒருக்கால் ஓடிப் பாரன்."

"கார் அண்டைக்கும் நல்லாத்தான் இருந்தது. என்ரை கால்தான் பிழை."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். பொனற்றை மூடிவிட்டு உள்ளே போனேன். அவள் பஸ்ஸில் போகக்கூடிய பின்னேர வேலைக்கு மாறினாள். நான் வீடு வரும்போது அவள் இருப்பதில்லை.

இன்று அவள் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தபோது திருகாணியைப் பற்றிச் சொன்னேன்.

"உங்களுக்கு அப்பவே தெரியுமோ?"

"ஓம்."

"இவ்வளவு நாளும் நான் என்ரை காலைத்தானே ஏசிக்கொண்டிருந்தன்."

கத்தியை வைத்தாள். அடுப்பை அணைத்தாள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். நான் குசினி மேசையில் இருந்து இதை எழுதுகிறேன். அவள் இன்னும் வெளியே வரவில்லை.

ஓல்டன், 9.3.2025, ஞாயிற்றுக்கிழமை