கண்ணாடி அலுமாரிக்குள் விளையாட்டுச் சாமான்

எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், வேலைக்குப் போகும் தாய்மார் விட்டுச்செல்லும் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட அக்காவுக்குப் பவுடர் முகம், மடிப்புக் கலையாத சேலை. குழந்தைகளைப் பாயில் உட்காரவைத்துக் கைப்பேசியில் கார்ட்டூன் போட்டுவிடுவார். விளையாட்டுச் சாமான்கள் அலுமாரிக்குள் பூட்டியிருக்கும்.

பள்ளியில் படிப்பிக்கும் நானும் மகனை அங்கேதான் விட்டேன். இரண்டு வயதாகியும் அவனுக்குப் பேச்சு வரவில்லை. கேட்கலாமா கூடாதா என்று தயங்கி, ஒருநாள் கேட்டேன்.

"அலுமாரியில இருக்கிற அந்த வெளையாட்டுக் கட்டைகள எடுத்துக் குடுங்கக்கா. அடுக்கி வெளையாடட்டும். நீங்களும் பேச்சுக் குடுங்க."

"ஐயோ டீச்சர், அது மேலெடத்துலருந்து பாக்க வர்றப்போ எடுக்கிறது. இதுங்க எச்சி பண்ணிருங்க."

சொல்லிக்கொண்டே அலுமாரிக் கண்ணாடியைத் துடைத்தார். பக்கத்தில் ஒரு குழந்தைக்கு மூக்கு ஒழுகி வாய்வரை வந்திருந்தது. அதைத் துடைக்கவில்லை.

மறுநாளும் மகனை அவரிடம்தான் கொடுத்தேன், வேறு இடமில்லை. சிரித்துக்கொண்டே வாங்கினார். அந்தச் சிரிப்பில் பொய்யே இல்லை; பிள்ளைகளை நன்றாகப் பார்த்துக்கொள்வதாகவே நம்பினார். அதுதான் இன்னும் அருவருக்கிறது.