கோதுமை இல்லாமல் வேளாங்கண்ணிக்கு

கொரட்டூர் ஏரிக்கரையில் ஒரு காலை நான் சைக்கிளை விட்டு இறங்கினேன். பஞ்சர் இல்லை, செயினும் கழலவில்லை. கால்தான் மிதிக்க மறுத்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். பல வருடமாகப் போய்வந்த வழி அது. அன்று எதிர்க்காற்றுகூட இல்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டே வேலைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

எண்பதுகளின் கடைசி வருடங்கள் அவை. எனக்கு நாற்பது தாண்டியிருந்தது. வயிற்றுப்போக்கு வெகு நாளாகவே இருந்தது. அதை யாரிடமும் சொல்லக் கூச்சம். பெல்ட்டில் ஆணி வைத்துப் புது ஓட்டை போட்டுக்கொண்டிருந்தபோதுதான் என் மனைவி ஜெயமேரி பார்த்தாள்.

முதலில் பூச்சி என்றார்கள். பிறகு சீதபேதி என்றார்கள். இரத்தசோகைக்கு (ரத்தத்தில் சத்துக் குறைந்து உடம்பு வெளுத்துப்போவது) மாத்திரை தந்தார்கள். டி.பி.யோ என்று நெஞ்சைப் படம் எடுத்தார்கள். எதுவும் பிடிபடவில்லை.

நம் வீடுகளில் உடம்பு முடியாதவருக்குச் சோறு போட யோசிப்பார்கள். பிரட், பால், ரஸ்க். ஜெயமேரியும் அதைத்தான் செய்தாள். ஓரத்தைக் கிள்ளி எடுத்துவிட்டு, பிரட்டைப் பாலில் நனைத்து ஸ்பூனால் ஊட்டுவாள். ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு பிரட் பாக்கெட்டும் மால்ட் (பார்லியில் செய்த சத்துமாவு) பாட்டிலும் கொண்டுவந்தார்கள். நான் மெலிய மெலிய இன்னும் கொண்டுவந்தார்கள். கட்டிலுக்கு அடியில் வைக்க இடமில்லாமல் போனது.

கடைசியில் ஒரு பெரிய டாக்டர் எண்டோஸ்கோபி (வாய்வழியே குழாய் விட்டு வயிற்றையும் குடலையும் பார்ப்பது) செய்தார். குடலிலிருந்து கடுகளவு சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் எங்களை உட்காரவைத்துச் சொன்னார்.

“இது சீலியாக். அரிசி திங்குற நம்ம பக்கம் யாரும் இத நினைச்சுப் பாக்குறதில்ல.”

சீலியாக் என்றால், கோதுமையிலும் பார்லியிலும் உள்ள பசை போன்ற புரதத்தைத் தாங்காமல் குடலின் உட்பக்கம் தேய்ந்துபோவது.

“மருந்து கிடையாது. சப்பாத்தி, பரோட்டா, ரவை, சேமியா, பிரட், மால்ட், எல்லாத்தையும் விட்டுடுங்க. சோறு சாப்பிடுங்க. குடல் தானா ஆறும்.”

ஜெயமேரி கேட்டாள்: “அப்போ நான் ஊட்டுன பிரட்டு?”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “வயித்தால போனா எல்லாரும் அதத்தாம்மா குடுக்குறாங்க. நானா இருந்தாலும் அதத்தான் குடுக்கச் சொல்லியிருப்பேன்.”

வெளியே நடைபாதையில் அவள் சுவரைப் பார்த்து நின்று அழுதாள். “என் கையாலயே குடுத்தேனே.” நாலு பேர் பார்க்க அவளைத் தொட்டுப் பழக்கமில்லை எனக்கு. அன்று கையைப் பிடித்துக்கொண்டேன். “பால் நல்ல பால்தான்” என்றேன். அழுதுகொண்டே சிரித்துவிட்டாள்.

புறப்படும் முன் டாக்டரிடம் தனியாக ஒன்று கேட்டேன். “மாதா கோயில்ல குடுக்குற அப்பம், சார்? காசு அளவுதான் இருக்கும்.”

“எதுல செய்றாங்க?”

“கோதுமைங்க.”

“அப்போ அதுவும் வேணாம்.”

சோறு என்னை மீட்டது. மோர் சாதம், இட்லி, ஆப்பம். சில மாதங்களில் ஏரிக்கரையில் இறங்காமல் மிதித்தேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில், எல்லோரும் நன்மை (சாமியார் தரும் அந்த அப்பம்) வாங்க எழுந்து போகும்போது நான் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் வழக்கத்தில், பெரிய பாவம் செய்துவிட்டுப் பாவசங்கீர்த்தனம் (சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறுவது) செய்யாதவர்கள்தான் அப்படி உட்காருவார்கள். பக்கத்துத் தெருக்காரர் ஒருநாள் வாசலிலேயே மடக்கினார்.

“இன்னா அண்ணாத்தே, நன்மைக்கு எழுந்துக்கவே மாட்டேங்கிற? வெளில எதுனா சின்ன ஊடு கீதா?”

சிரித்துவிட்டு வந்தேன். விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் வயிற்றுப்போக்கிலிருந்து சொல்ல வேண்டும். எங்கள் பங்குக் கோயில் சாமியாரிடமும் சொல்ல வாய் வரவில்லை. அப்பம் இல்லாத வாரங்கள் வருடங்களாயின. குடல் ஆறிவிட்டது. வேறொன்று ஆறவில்லை.

“நீங்க ஆஸ்பத்திரில கெடந்தப்போ, உங்கள சைக்கிள்ல வேளாங்கண்ணிக்கு அனுப்புறேன்னு வேண்டிக்கினேன்” என்றாள் ஜெயமேரி ஒருநாள்.

“நேந்துக்கினது நீ, மிதிக்கிறது நானா?”

“எனுக்கு சைக்கிள் உடத் தெரிஞ்சா நானே போயிருப்பேன். அங்க போய் சாமியார்கிட்ட வாயத் தொறந்து கேளுங்க, எனுக்கு வேற மாதிரி நன்மை குடுங்கன்னு. அங்க உங்கள யாருக்குத் தெரியும்?”

எங்கள் பங்கிலிருந்து வருடா வருடம் காவிச் சட்டை போட்டுக்கொண்டு ஒரு கூட்டம் சைக்கிளில் போகும். வழியில் கோயில் மண்டபங்களில் தங்கி, சில நாட்களில் போய்ச் சேரும். ஜெயமேரியின் தம்பி சூசைதான் அதற்குத் தலைவன். என் கேரியரில் அவல், பொட்டுக்கடலை, வெல்லம், வறுத்த அரிசிமாவு என்று ஒரு பை. சூசை அதைத் தூக்கிப் பார்த்தான்.

“இன்னா மாமா, ஊட்டையே காலி பண்ணிக்கினு வன்ட்டியா?”

திண்டிவனம் தாண்டும்வரை பயம் இருந்தது. பிறகு பயத்தை மறந்தேன். மற்றவர்கள் பரோட்டாக் கடையில் உட்கார்ந்தபோது நான் அவலை நனைத்துத் தின்றேன். கடலூர் பக்கம் காற்று முதுகில் தள்ளியது. பெடல் தானாகச் சுற்றுவதுபோல இருந்தது. என் கால்களை நானே பார்த்துக்கொண்டு போனேன்.

சிதம்பரம் தாண்டி ஒரு பந்தலில் யாத்திரைக்காரர்களுக்குக் கஞ்சி ஊற்றினார்கள். வெள்ளையாக இருந்தது. அரிசி நொய் என்று நினைத்தேன். “குடிங்கண்ணே, ஆறிடப்போவுது” என்று ஒரு அம்மா டம்ளரை நீட்டினார். பின்னால் வரிசை நின்றது. கேட்கக் கூச்சப்பட்டுக் குடித்துவிட்டேன்.

சாயங்காலம் மண்டபத்தில் வயிறு முறுக்கியது. பழைய வலி. அதற்கு என் முகவரி தெரிந்திருந்தது. பக்கத்தில் ஒருவர் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்: “அந்தப் பந்தல் ரவா கஞ்சி, நெய்ல வறுத்து, இன்னா ருசி!”

சூசைக்கும் கேட்டது. என் தலைமாட்டில் வந்து உட்கார்ந்தான்.

“இது இன்னா கஞ்சின்னு ஒரு வார்த்த கேட்டா இன்னா மாமா? வாய்க்குப் பூட்டா போட்டுக்கீற?” பிறகு குரலை இறக்கினான். “பஸ்ல ஏத்தி ஊட்டுக்கு அனுப்பட்டா? மாதா ஒண்ணியும் கோச்சிக்காது.”

“மெதுவா வரேன் சூசை. அங்க போயி ஒண்ணு கேக்கணும்.”

மறுநாள் கூட்டம் முன்னால் போனது. அவன் மட்டும் என் பின்சக்கரத்தை ஒட்டியே வந்தான். வயிறு கலங்கும்போதெல்லாம் காட்டாமணக்குப் புதர் பார்த்து வண்டியை நிறுத்தினான், ஒரு கேலியும் இல்லாமல். ஒரு வீட்டு வாசலில் வடிகஞ்சி கேட்டு வாங்கித் தந்தான். அடுத்த ஊரில் ஒரு வீட்டைக் காட்டினான்.

“இந்த ஊட்ல நீ கேளு. நான் மரத்தாண்ட நிக்கிறேன்.”

உள்ளிருந்து ஒரு பெண் வந்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டேன். “வடிகஞ்சி இருந்தா உப்புப் போட்டு ஒரு டம்ளர் தர்றீங்களாம்மா? எனக்குக் கோதுமை ஆகாது.”

“கோதுமையா? நெல்லு விளையிற ஊர்ல அத யாருங்க திங்கிறா?” என்று சிரித்துக்கொண்டே ஒரு சொம்பு நிறையக் கொண்டுவந்தார்.

அவ்வளவுதான். கேட்டதால் நான் ஒன்றும் குறைந்துபோகவில்லை.

வேளாங்கண்ணியில் மறுநாள் காலைப் பூசைக்கு முன், உடை மாற்றும் அறை வாசலில் நின்றேன். சாமியார் அங்கியைத் தலைவழியே மாட்டிக்கொண்டிருந்தார். வயிற்றுப்போக்கிலிருந்து தொடங்கிச் சொன்னேன். இடையில் நிறுத்தவில்லை. நிறுத்தினால் திரும்ப வராது என்று தெரியும்.

“அப்போ திராட்சை ரசம் மட்டும் தரட்டுமா?” என்றார்.

“சாமி, அந்தக் கிண்ணத்துல அப்பத்துண்டு போடுவீங்களே. அது விழாத கிண்ணமா…”

“அந்தத் துணுக்குகூட ஆகாதா?”

“ஆகாதுங்க சாமி.”

தலையசைத்தார். பிறகு அலமாரியைத் திறந்து ஒரு சின்னக் கிண்ணத்தை எடுத்து, துணியால் நன்றாகத் துடைத்தார். “இதையும் பீடத்துல வைக்கிறேன். வரிசை முடிஞ்சதும் கடைசியா வாங்க.”

கடைசியாகப் போனேன். திராட்சை ரசம் லேசாகப் புளித்தது. அது தொண்டையில் இறங்கி, நெஞ்சைத் தாண்டி, எனக்கு இத்தனை வருடம் வலித்த இடத்தைச் சுடாமல் கடந்துபோவதை உணர்ந்தேன். பெஞ்சுக்குத் திரும்பியபோது சூசை கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். “கற்பூரம், மாமா” என்றான். அங்கே யாரும் கற்பூரம் ஏற்றியிருக்கவில்லை.

வீட்டுக் கதவைத் திறந்ததும் ஜெயமேரி என் முகத்தைத்தான் பார்த்தாள். “கேட்டீங்களா?”

“கேட்டேன்.”

அடுத்த வாரமே எங்கள் பங்குச் சாமியாரிடமும் கேட்டேன். இப்போது இங்கேயும் எனக்கு ஒரு சின்னக் கிண்ணம் இருக்கிறது.

உங்களுக்கோ உங்கள் வீட்டில் ஒருவருக்கோ இந்த நோய் இருந்தால், நான் சொல்லக்கூடியது இதுதான். கல்யாண வீடோ, டீக்கடையோ, கோயிலோ, கேளுங்கள். உடம்புக்கு வாய் கிடையாது. அதற்காக நாம்தான் பேச வேண்டும்.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் வரிசை முழுவதும் போய்த் திரும்பும்வரை காத்திருக்கிறேன். அந்த நேரம் முன்பு நீளமாக இருந்தது. இப்போது அதில் உட்கார்ந்து என் வயிற்றைக் கவனிக்கிறேன். அது ஒன்றும் சொல்வதில்லை. அந்த அமைதியைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே என் முறை வந்துவிடுகிறது.